தையல்காரர் காரைக் கொண்டுபோய் இடித்த சலவைக்கடை அக்கா

தெருவில் எல்லோருக்கும் அவள் 'ஹாரன் அக்கா'. சலவைக்கடை வைத்திருந்தாள். துவைத்துத் தேய்த்த துணிகளைத் தன் சின்னக் காரில் வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுப்பாள். திருப்பம் வருவதற்கு முன்பே ஹாரன் சத்தம் வந்துவிடும். கணவர் இறந்த பிறகுதான் ஓட்டக் கற்றுக்கொண்டாள். இதுவரை ஒரு கீறல்கூட விழவிட்டதில்லை என்பதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

முழங்கால் ஆபரேஷன் முடிந்த தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து அழைத்துவர வேண்டிய நாளில், அந்தக் கார் கிளம்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பக்கத்துக் கடைத் தையல்காரர், வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை எடுத்துவிட்டுத் தன் கார் சாவியை நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்கக்கா. ஆஸ்பத்திரி விஷயம்."

"பயப்படாதீங்க, எனக்கு ஃபுல் இன்சூரன்ஸ் இருக்கு. எந்த வண்டி ஓட்டினாலும் கவலையில்ல" என்றாள். அப்படித்தான் அவள் மனதார நம்பியிருந்தாள்.

தையல்காரர் கார் அவளுடையதைவிட நீளம். பின் சீட்டில் தங்கை காலை நீட்டிப் படுத்திருந்தாள். ஆஸ்பத்திரி பார்க்கிங்கில் பின்னால் எடுக்கும்போது, "அக்கா, போதும் போதும்!" என்று தங்கை கத்தி முடிப்பதற்குள் இடித்துவிட்டது. நின்றிருந்த காரின் கதவு உள்ளே போயிருந்தது. தையல்காரர் காரின் பின் விளக்கு நொறுங்கி, பம்பர் ஒரு பக்கம் தொங்கியது. இடிபட்ட கார் ஒரு நர்ஸுடையது. வேலை முடிந்து அதை நோக்கித்தான் வந்துகொண்டிருந்தாள். அவள் திட்டவில்லை, முதலில் தங்கையின் காலைத்தான் பார்த்தாள். அதனால் அக்காவுக்கு இன்னும் கூச்சமாகிவிட்டது.

அங்கிருந்தே இன்சூரன்ஸ் கம்பெனிக்குப் போன் போட்டாள்.

"மேடம், அடுத்தவங்க வண்டிய நீங்க ஓட்டும்போது, நீங்க இடிச்ச வண்டிக்கு நாங்க குடுப்போம். ஓட்டின வண்டிக்குக் கிடையாது."

"ஃபுல்லுன்னுதானே சொன்னீங்க?"

"உங்க காருக்கு ஃபுல்லு மேடம்."

அந்த ஊர் வழக்கப்படி, பாலிசியில் பெயர் உள்ளவர்கள் ஓட்டினால்தான் வண்டிக்குப் பணம் கிடைக்கும்; தையல்காரரின் பாலிசியிலோ அவர் பெயரும் மனைவி பெயரும் மட்டும்தான் இருந்தன. அக்கா கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்திய காரை அவர் சுற்றிவந்து பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "நான்தான் ஓட்டினேன்னு சொல்லிடறேன்க்கா. யாருக்குத் தெரியப்போகுது?" என்றார்.

அவளுக்கு ஒரு கணம் சபலம் தட்டியது. தலையாட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும்.

"அந்த நர்ஸம்மா என்னைத்தானே பாத்தாங்க? அவங்களையும் பொய் சொல்லச் சொல்லணும். மாட்டிக்கிட்டா உங்க பேர்தான் கெடும். வேணாம் தம்பி, நானே சரி பண்ணித் தரேன்."

கடைக்குள் பட்டன் தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவி தலை நிமிரவில்லை. "சாவிய நீட்டறதுக்கு முன்னாடி இதெல்லாம் கேட்டிருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். யாரைச் சொன்னாள் என்று தெரியவில்லை, இருவருக்கும் சுருக்கென்றது.

நர்ஸ் காரைக் கம்பெனி பார்த்துக்கொண்டது. கடைக்குப் புது வாஷிங் மெஷின் வாங்கும் யோசனையை மூட்டைகட்டி வைத்துவிட்டு, தையல்காரர் காரை அக்கா ஒர்க்‌ஷாப்பில் விட்டாள். அதற்குள் அவள் காரும் பழுது நீங்கி வந்திருந்தது. தையல்காரர் மனைவியைத் தைத்த துணிகளோடு வாடிக்கையாளர் வீடுகளுக்குத் தினமும் அவளே கூட்டிப்போனாள். முதல் சில நாட்கள் அந்தப் பெண் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். ஒருநாள், "ஏசியக் கொஞ்சம் குறைங்கக்கா, குளிருது" என்றாள். அதன் பிறகு பேச்சு மெல்லத் திரும்பியது. ஆனாலும் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வந்த தங்கள் காரை அவர்கள் பிறகு யாருக்கும் கொடுத்ததில்லை. அக்காவும் கேட்டதில்லை.

கால் தேறிய தங்கை ஒருநாள் அக்காவின் கார் சாவியைக் கேட்டாள். அக்கா சாவிக்குப் பதிலாகப் போனை எடுத்து இன்சூரன்ஸ் கம்பெனியைக் கூப்பிட்டாள்.

"கூடப் பொறந்தவளுக்குக் குடுக்கவே இத்தனை விசாரணையா?"

"நீ எனக்குத்தான்டி கூடப் பொறந்தவ, இன்சூரன்ஸ்காரனுக்கு இல்ல."

தங்கை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள். பாலிசியில் அவள் பெயர் ஏறும்வரை சாவி அக்காவின் இடுப்பிலேயே இருந்தது.