இருசம்மாளுக்கு மட்டும் 843

இருசம்மாள் யாரையும் நம்ப மாட்டாள். கோயிலுக்குப் போனால் ஒரு கண்ணால் பெருமாளையும் மறு கண்ணால் வாசலில் விட்ட செருப்பையும் பார்த்துக்கொண்டு நிற்கிறவள். இப்போது உடையார்பாளையம் பக்கம் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறாள். சாக்பீஸ் பெட்டியைத் திறந்து பார்க்காமல் வாங்க மாட்டாளாம். என் கல்யாணத்துக்கு வந்தவள் தாலி கட்டி முடிந்த பிறகு என் காதில், "புஷ்பவல்லி, இவரு நெசமாவே கூட்டுறவு பேங்குலதான் வேலை பாக்குறாரா, நேர்ல போயி விசாரிச்சியா?" என்று கேட்டாள். அந்த நேரத்தில் கேட்கிற கேள்வியா அது?

பிளஸ் டூ என்று ஒன்று புதிதாக வந்திருந்த காலத்தில் அரியலூரில் நாங்கள் ஒன்றாகப் படித்தோம். முதல் குரூப்பில் பெண் பிள்ளைகள் நாங்கள் இரண்டே பேர்தான். அதனால் பிடிக்கிறதோ இல்லையோ ஒரே பெஞ்சில் உட்கார்ந்தாக வேண்டும்.

அவள் கல்லங்குறிச்சிப் பக்கத்திலிருந்து வருவாள். அப்பா இல்லை. அம்மா பொன்னாயி சுண்ணாம்புக்கல் குழியில் கல் உடைத்தார். அங்கே கூலி மரச்சட்டக் கணக்கில்தான். தரையில் சட்டத்தைப் போட்டு அதற்குள் உடைத்த கல்லை அடுக்க வேண்டும். எவ்வளவு உயரம் அடுக்குகிறார்களோ அதற்குத் தக்க கூலி. சாயங்காலம் மேஸ்திரி அங்கமுத்து அளவுக் கோலோடு வருவார். கோலை அடியில் ஊன்றி, குவியலின் மேல்மட்டத்தில் கோலைக் கையால் பற்றி, கைக்குக் கீழே என்ன அளவு தெரிகிறதோ அதைத்தான் சொல்வார். அந்த நாலு விரல் கழிவு. "உதிரிக் கல்லு, லாரியில ஏத்துனா அமுங்கும்ல" என்பார். சனி ஞாயிறுகளில் அவருக்காகக் கோலை ஊன்றி, அதே மாதிரி நாலு விரலால் பற்றி அளவு சொல்வது இருசம்மாள்தான். சின்ன வயதிலிருந்தே அந்த வேலை அவளுடையது.

இயற்பியல் எடுத்தவர் வேணுகோபால் சார். ஊசல் ஒரு முறை போய்த் திரும்ப ஆகும் நேரத்துக்குப் புத்தகத்தில் ஒரு சூத்திரம் இருக்கும். அதில் இரண்டு பை என்று ஆரம்பிக்கும். சார் அதைப் பலகையில் எழுதி முடிப்பதற்குள் இவள் எழுந்துவிட்டாள்.

"சார், பை வட்டத்துக்குள்ளதுங்க. இங்க ஒரு குண்டு நூல்ல தொங்கிக்கிட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுது. வட்டமே இல்லையே, பை எப்படிங்க வந்துச்சு?"

"வந்துச்சுன்னா வந்துச்சு. எழுதிக்க."

எழுதிக்கொண்டாள். ஆனால் ஓரத்தில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டாள். அன்றிலிருந்து சாருக்கு அவள்மேல் ஒரு சந்தேகக் கண்.

அடுத்த வாரம் ஆய்வகத்தில் அதே ஊசல். கார்க்கில் நூலைச் செருகி, நுனியில் பித்தளைக் குண்டைக் கட்டி, நூலின் நீளத்தை மாற்றி மாற்றி ஆட விட வேண்டும். நீளத்தையும் நேரத்தையும் வைத்துப் பூமி எவ்வளவு வேகமாகக் கீழே இழுக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். விடை 980 பக்கம் வர வேண்டும் என்று எல்லாருக்கும் முன்கூட்டியே தெரியும். அப்புறம் என்ன? வகுப்பில் எல்லாருக்கும் 980 வந்தது. எப்படி வந்தது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

எங்கள் மேசையில் நீளம் அளந்தது இருசம்மாள். ஸ்டாப் வாட்ச்சை அமுக்கியது நான். கணக்கைப் போட்டுப் பார்த்தால் குட்டை நூலுக்கு 843, நடு நூலுக்கு 882, நெட்டை நூலுக்கு 912. நான் அந்தத் தாளைக் கசக்கிப் போட்டுவிட்டு, போன வருஷத்து அண்ணன் ஒருவரின் எண்களை எழுதி 980 ஆக்கிக்கொண்டேன். ஊரோடு ஒத்துப் போனேன், அவ்வளவுதான். இவள் மாட்டேன் என்றாள்.

"பாத்தத எழுதாம எதடி எழுதச் சொல்ற?"

சார் இரண்டு பேருடைய ரெக்கார்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ஒரே ஊசல். ஒரே மேசை. அவளுக்கு 980, உனக்கு 843. நூலு நீளமாக நீளமாகப் பூமி கூட இழுக்குதாக்கும்? ஊசலத் தொட்டுக்கூடப் பாக்காம எங்கயோ உக்காந்து எழுதியிருக்க."

"இல்லீங்க சார். நான் அளந்ததுதாங்க."

"வர்ற வெள்ளிக்கெழமைக்குள்ள சரியா செஞ்சு காட்டு. இல்லன்னா ரெக்கார்டுல கையெழுத்துக் கெடையாது. கையெழுத்து இல்லாம பிராக்டிகல் பரீட்சைக்கு உள்ள விடமாட்டாங்க, தெரியும்ல?"

தெரியும். பிராக்டிகல் போனால் பிளஸ் டூ போச்சு. பிளஸ் டூ போனால் அவளுக்கென்று ஒரு மரச்சட்டம் குழியில் காத்துக்கொண்டிருந்தது. அங்கமுத்து மேஸ்திரி ஏற்கெனவே பொன்னாயியிடம் கேட்டுவிட்டார், "பொண்ண எப்ப அனுப்புற?" என்று. அதை என்னிடம் சொன்னபோது அவள் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை.

ஆனால் அடுத்த நாளே அந்தப் பரிதாபமெல்லாம் பறந்துவிட்டது. ஏன் என்றால் முதல் சந்தேகம் என்மேல்தான்.

"வாட்ச்ச நீதான அமுக்குன? குண்டு வர்றதுக்குள்ள அமுக்குனியா, வந்தப்பறம் அமுக்குனியா?"

"வந்தப்பதான்டி அமுக்குனேன்!"

"யாரையாச்சும் வேடிக்கை பாத்துக்கிட்டே அமுக்கியிருப்ப."

எனக்கு வந்த கோபத்தில் அந்தப் பித்தளைக் குண்டை அவள் தலையில் போட்டிருப்பேன். அன்று முழுக்க நான் அவளோடு பேசவில்லை. அவளுக்கு அது உறைக்கவே இல்லை, அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டாள். அட்டெண்டர் பெரியசாமி அண்ணன் வேண்டுமென்றே ஓட்டை வாட்ச்சை எங்களுக்குத் தந்தாரா? அவரை நச்சரித்து வாட்ச்சை வாங்கி, ஆபீஸ் சுவர்க் கடிகாரத்துக்கு முன்னால் நின்று ஒத்துப் பார்த்தாள். வாட்ச் சரியாக இருந்தது. பிறகு மர ஸ்கேல்மேல் சந்தேகம். அதன் முனை தேய்ந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தாள். தேயவில்லை. பிறகு புத்தகத்தின்மேல். அந்த இரண்டு பை அவளை விடவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் கணக்கு வகுப்பு. ராசாங்கம் சார் அந்த வாரம் முழுக்க நேர்கோட்டின் சமன்பாட்டைத்தான் நடத்திக்கொண்டிருந்தார். கோட்டுக்கு ஒரு சாய்வு உண்டு, அது அச்சை வெட்டுகிற இடம் ஒன்று உண்டு, இரண்டும் தெரிந்தால் கோடே தெரிந்த மாதிரி. எனக்குக் கணக்கு வேறு, ஊசல் வேறு. ஒன்றை இன்னொரு வகுப்புக்கு எடுத்துக்கொண்டு போகலாம் என்று யாரும் எங்களுக்குச் சொன்னதில்லை.

மணி அடித்ததும் இவள் கிராப் தாளை எடுத்துத் தன் மூன்று ரீடிங்கையும் புள்ளி வைத்தாள். படுக்கை அச்சில் நீளம், நிமிர்ந்த அச்சில் நேரத்தின் வர்க்கம். கோடு மூலையில் இருக்கும் சுழிப் புள்ளி வழியாகப் போக வேண்டும் என்று வேணுகோபால் சார் சொல்லியிருந்தார். இவள் கோடு போகவில்லை.

"கொஞ்சம் இழுத்து விடுடி, யாரு பாக்கப்போறா?" என்றேன்.

"இரு. மூணு புள்ளியும் ஒரே கோட்டுல ஒக்காந்திருக்கு பாரு. நீ வாட்ச்ச தப்பா அமுக்கியிருந்தா ஒண்ணு மேல போவும், ஒண்ணு கீழ போவும். இது அப்படி இல்ல."

"அப்பாடா, நான் தப்பிச்சேனா?"

அவள் சிரிக்கவில்லை. கோட்டைப் பின்னால் நீட்டினாள். அது சுழிக்கு இடப்பக்கம் ஏழு சென்டிமீட்டரில் படுக்கை அச்சை வெட்டியது.

"எதுவோ ஒண்ணு ஒவ்வொரு தடவையும் ஒரே அளவு எடுத்திருக்கு. நெட்ட நூலுன்னும் பாக்கல, குட்ட நூலுன்னும் பாக்கல. ஏழு சென்டிமீட்டர எவன் எடுத்தான்?" என்று சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"நான் எடுக்கலடி தாயே! வா, வந்து மறுபடி அளந்து பாரு!"

ஆய்வகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன். ஸ்கேலின் அடியைக் குண்டின் நடுவில் சேர்த்து நான் பிடித்துக்கொண்டேன். அவள் அளக்கக் குனிந்தாள். அவளுடைய இடது கை தானாக மேலே போனது. கார்க்குக்குக் கீழே நூலையும் ஸ்கேலையும் சேர்த்து நாலு விரலால் பற்றியது. கைக்குக் கீழே தெரிந்த எண்ணை வாய் திறந்து சொல்லவும் சொன்னாள். சொன்னவள் கையை எடுக்காமல் அப்படியே நின்றுவிட்டாள். அன்று நான் வாட்ச்சையே பார்த்துக்கொண்டிருந்ததால் இந்தக் கையைக் கவனிக்கவில்லை.

அவள் விரல்களை ஸ்கேலில் வைத்துப் பார்த்தோம். நாலும் சேர்ந்து ஏழு சென்டிமீட்டர்.

"அடிப்பாவி! ஒரு வாரமா என்னப் போட்டு வறுத்து எடுத்தியேடி!"

"ஒன்னச் சந்தேகப்பட்டது தப்பில்ல. என்னய மட்டும் விட்டுட்டேன் பாரு, அதுதான் தப்பு."

வெள்ளிக்கிழமை கிராப் தாளோடு சாரிடம் போனாள். நீளத்துக்கு நீளம் வித்தியாசம் எடுத்தால் இரண்டிலும் குறைகிற அந்த ஏழு அடிபட்டுப் போகும், அதனால் சாய்வு கெடாது என்று சொல்லி, அதே தப்பான ரீடிங்கிலிருந்தே 980-ஐ எடுத்துக் காட்டினாள்.

"யாரு சொல்லிக் குடுத்தா? ராசாங்கம் சாரா?" என்றார் வேணுகோபால் சார்.

"யாருமில்லீங்க."

அவர் நம்பவில்லை. வாட்ச்சைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, புதிதாக ஒரு நீளம் சொல்லி, பக்கத்திலேயே நின்று செய்ய வைத்தார். இவள் இடது கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு அளந்தாள். 976 வந்தது. எண் துல்லியமாக வராததால்தான் அவருக்கு நம்பிக்கை வந்தது என்று நினைக்கிறேன். கையெழுத்துப் போட்டார். போட்டுவிட்டு, "புஷ்பவல்லி, ஒன் ரெக்கார்ட எடுத்துக்கிட்டு வா" என்றார். அந்தக் கதை இங்கே வேண்டாம்.

எனக்கு அதோடு விஷயம் முடிந்தது. அவளுக்கு முடியவில்லை. "நாளைக்கி எங்க குழிக்கு வா, சாட்சிக்கு ஒரு ஆளு வேணும்" என்றாள்.

போனேன். வெயில் கல்லில் பட்டுக் கண்ணைக் கூச வைத்தது. புருஷனும் பெண்டாட்டியுமாக ஒரே சட்டத்துக்கு உடைக்கிறவர்களின் குவியல் இடுப்புக்கு நின்றது. பொன்னாயி அம்மாவுடையது முழங்காலைத் தாண்டவில்லை. பக்கத்தில் வீராயி என்று இன்னொரு அம்மா, அவருக்கும் ஒற்றை ஆள் குவியல்தான். அங்கமுத்து மேஸ்திரி இன்னும் வரவில்லை.

"அம்மா, குட்ட நூலுக்குத்தான் ரொம்ப அடி. 843. நெட்ட நூலுக்கு அவ்வளவு இல்ல" என்றாள் இருசம்மாள்.

"என்னடி ஒளர்ற?"

"அந்த நாலு விரலு. ஒசரமான குவியல்ல நாலு விரல் போனா தெரியவே தெரியாது. ஒன் குவியல்ல போனா எவ்வளவு போவுது, பாரு."

பொன்னாயி அம்மா சுற்றுமுற்றும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "மெதுவாப் பேசு. எல்லாருக்கும் அதே நாலு விரல்தானடி? மேஸ்திரி ஆளு பாத்தா கழிக்கிறாரு?"

"எல்லாருக்கும் அதே நாலு விரலு. அதாம்மா மோசம்."

அந்த அம்மா மகளை முறைத்தார். பிறகு தன் கையைத் தன் குவியலின் பக்கவாட்டில் வைத்துப் பார்த்தார். எழுந்து போய் இடுப்பளவுக் குவியலிலும் அதே கையை வைத்துப் பார்த்தார். திரும்பி வந்தார். தன் குவியலின் கல்லை வாரி வாரி வீராயியின் சட்டத்துக்குள் அடுக்கத் தொடங்கினார். வீராயி பதறிப்போய், "என்ன பொன்னாயி, பைத்தியமா புடிச்சிருக்கு?" என்றார். பொன்னாயி அம்மா அவர் காதில் என்னவோ சொன்னார்; கூலி பாதிப் பாதி என்பது மட்டும் எனக்குக் கேட்டது. பிறகு நாலு பேரும் வாரினோம்.

மேஸ்திரி வந்தபோது ஒரு சட்டம் காலியாகவும் ஒரு சட்டம் இடுப்பளவாகவும் இருந்தது. இருசம்மாளைக் கூப்பிடாமல் தானே கோலை ஊன்றினார். அவருடைய நாலு விரல் மேலே உட்கார்ந்தது, இரண்டு பேர் கல்லுக்கும் சேர்த்து ஒரே ஒரு தடவை. அளவைச் சொன்னவர் கையை எடுக்காமல் எங்கள் நாலு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"எவ இதச் சொல்லிக் குடுத்தவ?"

இருசம்மாள் வாயைத் திறப்பதற்குள் பொன்னாயி அம்மா முந்திக்கொண்டார்.

"நீங்கதான் மேஸ்திரி. இவ்வளவு நாளும் ஒங்க கையத்தானே பாத்துக்கிட்டிருந்தோம்."

பிறகு மகள் பக்கம் திரும்பி, "நீ போடி. இனிமே சனிக்கெழம இங்க வராத. போயி அந்த ஊசல ஆட்டு" என்றார்.