கரையில் இறக்கிவைத்த சாமான்கள்

பழைய போர்க்கப்பலில் புது ஏவுகணைகளை வைக்கலாமா என்று கணக்குப் போட்டுச் சொல்வது என் வேலை. குரோம்பேட்டையில் ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். அங்கிருந்து பார்த்தால் கடல் எந்தப் பக்கம் என்றுகூடத் தெரியாது.

எல்லோரும் இடம் இருக்கிறதா என்றுதான் கேட்பார்கள். இடம் எப்போதும் இருக்கும். மேல்தளத்தில் பாரம் ஏற ஏற, அலையில் சாய்ந்த கப்பல் நிமிரத் தயங்கும். மிஞ்சிப் போனால் நிமிரவே நிமிராது. என் கையெழுத்தை நம்பித்தான் மாலுமிகள் அதில் ஏறுகிறார்கள். அப்படி ஒரு பழைய கப்பலுக்கு எட்டு ஏவுகணைப் பெட்டிகள் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள்.

துறைமுகத்தில் சோதனை நடந்தது. இரும்புக் கட்டிகளைத் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் நகர்த்தி, கப்பல் எவ்வளவு சாய்கிறது என்று தூக்குக்குண்டு தொங்கவிட்டு அளப்போம். கொத்தனார் சுவருக்குப் பிடிக்கிற அதே குண்டுதான். கடலுக்குப் போகும்போது என்னென்ன இருக்குமோ அதெல்லாம் கப்பலில் இருக்க வேண்டும். அன்று குண்டு கொஞ்சம்தான் நகர்ந்தது. கப்பலும் பழைய கணக்கைவிட லேசாக மிதந்தது. பழைய கணக்கைப் போட்டவர் சொதப்பியிருக்கிறார் என்று முடிவுகட்டினேன். அப்படி நினைப்பதில் எனக்கு எப்போதுமே ஒரு சந்தோஷம். எட்டையும் தாங்கும் என்று எளிதாகவே கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் ஜெபக்கூட்டம். பாஸ்டர் வருகிறார் என்றால் அம்மா வீட்டையே காலி செய்துவிடுவாள். கிரைண்டர், ஓடாத ஏர்கூலர், பழைய பேப்பர் கட்டு எல்லாம் மொட்டைமாடிக்குப் போகும். ஆமென் சொன்னதும் கீழே வந்துவிடும். கிரைண்டரைத் தூக்கிக்கொண்டு ஏறியவள் பாதிப் படியில் நின்றுவிட்டேன். சோதனையன்று எங்களுக்கு டீ கொடுத்தது கப்பலில் இல்லை. கரையில், தார்ப்பாய் போட்டு மூடிய ஒரு பெரிய குவியலுக்குப் பக்கத்தில். தார்ப்பாயின் ஓரத்தில் ஒரு கிரைண்டர் தெரிந்தது. டீ பிரமாதம் என்று பாராட்டிவிட்டு வேறு வந்திருந்தேன்.

மொட்டைமாடியிலிருந்தே அந்தக் கப்பலின் மூத்த மாலுமிக்குப் போன் செய்தேன். தாம்பரத்துக்காரர், சோதனை முடிந்து என்னோடு அதே மின்சார ரயிலில் திரும்பியவர். அவர் எதையும் மறைக்கவில்லை.

"பெரியவங்கல்லாம் வர்றீங்களேன்னு மேல்தட்டை க்ளீன் பண்ணி இறக்கி வச்சோம் மேடம். நீங்க போனதும் ஏத்திட்டோம்."

ஏசி, இரும்பு அலமாரி, வடக்கயிறு, உடற்பயிற்சி சாமான் என்று மூன்று லாரி பாரம். வருஷக்கணக்கில் ஒவ்வொன்றாகச் சேர்ந்தவை, எந்தப் பட்டியலிலும் இல்லாதவை. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு என்ன யோக்கியதை? கீழே பாட்டு ஆரம்பித்துவிட்டது.

திங்கட்கிழமை கையெழுத்தைத் திரும்பப் பெற்றேன். மேலாளர் திட்டியிருந்தால் தேவலை. மறுசோதனைக்குத் தேதி மட்டும் கேட்டார். எல்லாச் சாமான்களோடும் மறுபடி சோதனை செய்தோம். நான்கு பெட்டிகள்தான் தாங்கும் என்று வந்தது. அதற்கும் சாய்ந்தால் நிமிர்வதற்காகக் கப்பலின் அடியில் ஈயக்கட்டிகள் அடுக்க வேண்டும்.

அன்றும் அந்த மூத்த மாலுமியோடுதான் ரயிலில் திரும்பினேன். பல்லாவரம் தாண்டியதும் கேட்டார்.

"எட்டும் வச்சிருந்தா இன்னா ஆயிருக்கும் மேடம்?"

சாதாரண நாளில் ஒன்றும் தெரியாது, புயலில் ஒருமுறை நன்றாகச் சாய்ந்தால் திரும்பி நிமிர்ந்திருக்காது என்றேன்.

"மழைக்காலத்துல அதுல போறது நான்தான். எங்க வூட்ல இத சொல்ல மாட்டேன்."

நானும் என் வீட்டில் சொல்லவில்லை.