ஆபிதா பீவியின் சுருதி

பொருநை ஆர்கெஸ்ட்ராவில் என் வேலை பேசுவது. பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவே மைக்கைப் பிடித்து, விழாக் கமிட்டிக்கு நன்றி சொல்லி, கூட்டத்தில் தொலைந்த பிள்ளையை மேடைப் பக்கம் வந்து வாங்கிக்கொள்ளச் சொல்ல வேண்டும். பெருமாள்ராஜ் கையில் மைக் கிடைத்தால் திரும்ப வராது என்று எங்கள் ஆட்களே கேலி செய்வார்கள். செய்யட்டும். இப்போது நான் பேசப்போவது ஆபிதா அக்காவைப் பற்றி. தன்னைப் பற்றிப் பேசினால் அவருக்குப் பிடிக்காது. அதனால்தான் பேசுகிறேன்.

ஆபிதா பீவிக்கு ஊர் மேலப்பாளையம். அப்பா தறி நெய்தவர். கல்யாணத்துக்கு முன்பே எங்கள் குழுவுக்குப் பாட வந்தவர், இப்போது பேரனும் எடுத்தாகிவிட்டது. நாங்குநேரியில் கல்யாண வரவேற்பா, பாளையங்கோட்டையில் சர்ச் அசன விருந்தா, தர்காவில் கந்தூரியா, ஆற்றோரத்து ஊர்களில் அம்மன் கோயில் கொடைவிழாவா, எங்கள் வேன் போய் நிற்கும். வயலின், புல்லாங்குழல், டிரம்பெட், கிடார், டிரம்ஸ் என்று ஒரு வேன் நிறைய ஆட்கள். எங்கள் எல்லாருக்கும் இதுதான் சோறு, பொழுதுபோக்கு இல்லை.

கொடையில் முதல் பாட்டு அம்மனுக்கு. அதை ஆபிதா அக்காதான் பாட வேண்டும் என்று இந்தப் பக்கத்து ஊர்களுக்கு ஒரு பிடிவாதம். எப்படி வந்தது என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது. "மேலப்பாளையத்து அக்கா வருதாவளா?" என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் வெற்றிலை பாக்கையே நீட்டுவார்கள். முகம் சுளித்தவர்களும் உண்டு, இரண்டு பக்கத்திலும். அக்கா அதைக் காதில் போட்டுக்கொண்டதே இல்லை. அவருடைய வீட்டுக்காரர் அகமது மீரான் பாய், ஜவுளிக்கடையைப் பூட்டிவிட்டு ஒரு பிளாஸ்கில் வெந்நீரோடு கச்சேரிக்குக் கச்சேரி வந்து முன்வரிசையில் உட்கார்ந்துவிடுவார். முகம் சுளித்தவர்களுக்கு அதுவே பதிலாக இருந்தது.

போன வருஷம் அக்காவுக்குக் கழுத்தில் தைராய்டு ஆபரேஷன். பேச்சு பழையபடி வந்துவிடும், மேல் ஸ்தாயி வருமா என்று உறுதி சொல்ல முடியாது என்றார் டாக்டர். ஒரு வருஷம் மேடைப் பக்கமே அவர் வரவில்லை. பிறகு ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு ஊரில் கொடை வந்தது. அதில் பாடுகிறேன் என்று அவரே வந்து சொன்னார். அத்தோடு விடவில்லை.

"பழைய சுருதியிலதான் பாடுவேன். வரலைன்னா அன்னைக்கே மேடைய விட்டு எறங்கிருவேன். அப்புறம் என்னைக் கூப்பிடப்பிடாது. எனக்காவ யாரும் சுருதிய எறக்கவும்பிடாது, சொல்லிட்டேன்."

ஒத்திகைக்கும் வரமாட்டாராம். தொண்டையை மேடைக்காக வைத்திருக்கிறாராம்.

எங்கள் குழுத் தலைவர் குமரகுருபரன் கீபோர்டு வாசிப்பவர். பரம சாது. அக்கா சொன்னதற்கெல்லாம் தலையை ஆட்டினார். அக்கா தெருமுனை தாண்டியதும் எங்களைக் கூப்பிட்டார்.

"ஏலே, அக்கா இல்லாம இது ஒரு ஆர்கெஸ்ட்ராவா? ரெண்டு படி பைய எறக்கிருவோம். நான் முதல்ல கீபோர்டுல சுருதியப் புடிப்பேன். அவிய அதக் கேட்டுத்தான பாடணும்? ஒரு வருசமா மேடையேறல, தெரியவா போவுது?"

திருட்டுக்குக் கிளம்புகிறவர்கள் கூட இவ்வளவு ஒற்றுமையாக இருக்க மாட்டார்கள். வயலின்காரர்கள் தந்திகளைத் தளர்த்தினார்கள். கிடாரும் இறங்கியது. புல்லாங்குழல்காரர் பழக்கதோஷத்தில் பழைய குழலை எடுத்துவிடுவோமோ என்று பயந்து, அதை வீட்டிலேயே வைத்துவிட்டு வந்தார். எல்லாரும் இறங்கிய சுருதியிலேயே வாசித்துப் பழகினார்கள். நான் வாசிக்கிறவன் இல்லை, ஆனாலும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். எனக்கு அதுவே பெரிய காரியம்.

பத்து மணிக்கு மேல் மைக் கூடாது என்பதால் இப்போதெல்லாம் பொழுது சாய்ந்ததுமே கச்சேரி. அன்றைக்கு முன்வரிசையில் மீரான் பாயின் உதடு அசைந்துகொண்டே இருந்தது. அக்காவுக்காகத் துஆ கேட்டு வேண்டிக்கொண்டிருந்தார். அதைப் பார்த்து, என் வாழ்க்கையிலேயே முதல் தடவையாக இரண்டே வாக்கியத்தில் பேசி முடித்தேன்.

வழக்கம் என்னவென்றால், குமரகுருபரன் சுருதி பிடிப்பார், அக்கா வெறும் குரலில் விருத்தம் பாடுவார், பிறகு நாங்கள் எல்லாரும் சேர்வோம். சாமியாடி கோயிலைச் சுற்றிவிட்டு நிதானமாக மேடைக்கு முன்னால் வருவார். அன்றைக்குச் சாமியாடிய பூதத்தான் அண்ணாச்சி கோயிலைச் சுற்றவில்லை. வேப்பங்குழையோடு நேரே மேடைக்கு ஓடி வந்துவிட்டார்.

"எங்கலே என் பாட்டு?"

பெண்கள் குலவை போட்டார்கள். அம்மன் கேட்ட பிறகு காக்க வைக்க முடியுமா? குமரகுருபரனின் விரல் கட்டையைத் தொடுவதற்குள் அக்கா மைக்கைப் பிடித்துத் தொடங்கிவிட்டார்.

பழைய சுருதி. இம்மி பிசகவில்லை. யாரும் எடுத்துக் கொடுக்காமல் அது அவருக்குள்ளேயே இருந்திருக்கிறது.

எங்கள் ஆட்களின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்! புல்லாங்குழல்காரர் வீட்டில் இருக்கிற குழலைப் பைக்குள் தேடினார். முதல் இரண்டு வரியில் அக்காவின் குரல் கரகரத்தது. மேலே போகிற இடத்தில் உடைந்தது. நிறுத்தினார். மீரான் பாய் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். அக்கா கண்ணை மூடி, மூச்சை இழுத்து, அதே இடத்துக்குத் திரும்பப் போனார். இந்தத் தடவை குரல் போய் நின்றது. நான் அழுதேன். சொல்வதற்கென்ன, அழுதேன்.

விருத்தம் முடிந்து எங்களைச் சேரச் சொல்லி வழக்கம்போல முதுகுக்குப் பின்னால் கையை அசைத்தார். குமரகுருபரன் ஒரு பொத்தானை அழுத்தினால் கீபோர்டின் சுருதி ஏறிவிடும். ஆனால் அவர் தொடங்கினால் மற்றவர்களும் பழகிய கையோடு பாய்ந்து, மொத்தமும் அபஸ்வரமாகிவிடும். யாரும் வாசிக்காதீர்கள் என்று கையைக் காட்டிவிட்டார். டிரம்ஸ்காரருக்குத்தான் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை. அவர் தட்டத் தொடங்கினார். ஊரே சேர்ந்து கை தட்டியது. அந்தத் தாளத்திலேயே அக்கா முழுப் பாட்டையும் பாடி முடித்தார். பூதத்தான் அண்ணாச்சி ஆடி ஓய்ந்து, குளிர்ந்து, கோயிலுக்குத் திரும்பினார்.

அக்கா மைக்கைத் தள்ளி வைத்துவிட்டு எங்கள் பக்கம் திரும்பினார்.

"தம்பி, சுருதி குடுங்க."

குமரகுருபரன் கட்டையை அழுத்தினார். அக்கா அதைக் காதுகொடுத்துக் கேட்டார். எல்லார் முகத்தையும் ஒருமுறை பார்த்தார்.

"எல்லாருமாச் சேந்தா செஞ்சிய?"

"எல்லாருமாத்தான்க்கா" என்றார் குமரகுருபரன்.

திட்டப்போகிறார், இறங்கப்போகிறார் என்று நினைத்தேன். மீரான் பாய் வெந்நீரை நீட்டினார். அக்கா மெல்லக் குடித்துவிட்டுக் கழுத்தைத் தடவிக்கொண்டார். முகம் தெளிந்திருந்தது.

"அந்த மேல்கட்டை இன்னைக்கு ஒருதரம் வந்துட்டு, அல்ஹம்துலில்லாஹ். தினமும் வராது, எனக்குத் தெரியுது. மிச்சப் பாட்டுக்கு நீங்க வச்சதே இருக்கட்டும். ஆனா, அடுத்த கச்சேரிக்கு எறக்கணும்னா என்கிட்டச் சொல்லிட்டு எறக்குங்க."

அடுத்த கச்சேரி என்று சொன்னார். மற்றதெல்லாம் எனக்குக் காதில் ஏறவே இல்லை.