கம்பெனி பஸ்ஸில் படித்த எங்கள் அக்கா

இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உற்றார் உறவினருக்கும், அக்காவோடு வேலை செய்த அன்பர்களுக்கும் வணக்கம். அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. அவரைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று மாமா, அதாவது அக்காவின் கணவர், சொன்னபோது, வீட்டில் எழுதத் தெரிந்தவர் அக்கா ஒருவர்தானே என்று தட்டிக் கழிக்கப் பார்த்தேன். மாமா விடவில்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஆம்பூரிலிருந்து பேரணாம்பட்டு போகிற சாலையை ஒட்டிய எங்கள் ஊரில் அக்கா மூத்த பிள்ளையாகப் பிறந்தார். நான் அவருக்கு இரண்டு வயது இளையவன். அப்பா தோல் பதனிடும் தொழிற்சாலையில் ஈரத்தோல் சுமந்தவர். அம்மா கடலை பிடுங்கவும் களை எடுக்கவும் போவார். அக்கா பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடையில் அப்பாவுக்கு இடுப்பு போய்விட்டது. சுமை தூக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கல்லூரிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்த அக்கா, அடுத்த மாதமே ஷூ கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தார். அப்போது அவருக்குப் பதினெட்டு வயது.

எங்கள் பக்கத்தில் இது புதிதல்ல. பெண்கள் மூன்று நான்கு வருடம் கம்பெனிக்குப் போவார்கள், கல்யாணத்துக்குச் சேர்ப்பார்கள், நின்றுவிடுவார்கள். அதில் தவறும் இல்லை. ஆனால் அக்கா சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒன்றைக் கவனித்திருக்கிறார். ஷூவின் மேல்பாகத்தைத் தைக்க நல்ல கண் வேண்டும். முப்பத்தைந்து வயதுக்கு மேல் ஊசி முனை மங்கலாகத் தெரிகிறவர்களை மிஷினிலிருந்து எழுப்பி, பசை தடவுகிற மேசைக்கு அனுப்பிவிடுவார்கள். முதல் சம்பளம் வாங்கிய ஞாயிற்றுக்கிழமை அம்மாவிடம் அக்கா சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

"கம்பெனிக்கு என் கண்ணு பத்து பதினஞ்சு வருஷம் வேணும். எனக்கும் அதே கண்ணுதான் வேணும். அது நல்லா கீறப்பவே குரூப் ஃபோர் படிச்சி கவர்மெண்ட் வேலைக்குப் போய்டணும்மா."

அம்மா கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். முதலில் உடம்பைப் பார், ராத்திரியெல்லாம் முழிக்காதே என்று மட்டும் சொன்னார்.

காலை ஏழு மணிக்கு ஊர் முனையில் கம்பெனி பஸ் வரும். ஊர் ஊராகச் சுற்றிப் பெண்களை ஏற்றிக்கொண்டு ஆம்பூர் போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். சாயங்காலமும் அப்படித்தான். அந்த இரண்டு மணி நேரத்தை அக்கா தமக்கென்று எடுத்துக்கொண்டார். பஸ்ஸில் பாட்டு அலறும், பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் கதை பேசுவார்கள். அக்கா மடியில் புத்தகத்தை விரித்துக்கொள்வார். "கலெக்டரம்மாவுக்கு எடம் வுடுங்க" என்று கேலி செய்தார்களாம். அடுத்த ஊரில் ஏறும் ஷாகிரா அக்கா மட்டும் பக்கத்தில் உட்கார்ந்து கேள்வி கேட்பார். வீட்டில் உருது பேசுகிறவர். ஐந்தாம் வகுப்போடு நின்றதால் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பார். அவர் ஒரு கேள்வியைப் படித்து முடிப்பதற்குள் தமக்கு மூன்று பதில் வந்துவிடும் என்று அக்கா சிரிப்பார். இருவரும் கம்பெனியிலும் பக்கத்துப் பக்கத்து மிஷின்.

கம்பெனிக்குள் புத்தகம் கொண்டுபோகக் கூடாது. அதற்கும் அக்கா ஒரு வழி கண்டுபிடித்தார். ஷூவின் உள்ளே வைத்துத் தைக்கிற லைனிங் துண்டுகளில் கறை பட்டது, வெட்டு விழுந்தது என்று கழித்துப் போடுவார்கள். தோலில் கோடு போடுவதற்கு எல்லோரிடமும் வெள்ளி மை பேனா உண்டு. கழித்துப் போட்ட கறுப்பு லைனிங்கில் அந்தப் பேனாவால் நாலு வரி எழுதி, மிஷின் ஓரத்தில் செருகி வைத்துக்கொண்டு தைப்பார். ஆறுகளும் அணைகளும் அரசியல் சட்டமும் அவருக்கு மனப்பாடமானது அப்படித்தான்.

மூன்றாம் வருடம் அதிலேயே மாட்டிக்கொண்டார். எழுதிய துண்டு ஒன்று எப்படியோ தவறி நல்ல லைனிங் தட்டில் விழுந்திருக்கிறது. மேலே தோலும் அடியில் லைனிங்குமாக வைத்துத் தைப்பதால் தைக்கிறவர் கண்ணுக்கு எழுத்து படாது. ஷாகிரா அக்கா அதைத் தைத்து அனுப்பிவிட்டார். வெளிநாட்டுக்குப் பெட்டி கட்டும் இடத்தில், கடைசிச் சோதனையில், ஒரு கறுப்பு ஷூவுக்குள் "பாலாறு பிறப்பிடம் நந்தி மலை" என்று பளபளவென்று தெரிந்திருக்கிறது. அந்த ஜோடியின் சீட்டில் இருந்தது ஷாகிரா அக்காவின் நம்பர். மேனேஜர் கூப்பிட்டு விசாரித்தார். எழுதியது யார் என்று தெரிந்தும் ஷாகிரா அக்கா வாய் திறக்கவில்லை. நாளையிலிருந்து வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் பஸ்ஸில்தான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது. "நீ பேசாம இரு. எனுக்கு வேற கம்பெனி கெடைக்கும். உனுக்கு மூணு வாரத்துல பரீட்ச கீது" என்று ஷாகிரா அக்கா சொல்லியிருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னபோது அம்மாவும் அதையே சொன்னார். இந்த வேலை போனால் பஸ் போகும், பஸ் போனால் படிப்பும் போகும் என்றார். நானும் சொன்னேன், அதை மறைக்க விரும்பவில்லை. அப்போது நான் வேலூரில் கல்லூரியில் இருந்தேன். அக்காவின் சம்பளம் நின்றால் என் பாடு என்ன என்பதுதான் எனக்குக் கவலை. அவங்களே பரவால்லன்னு சொல்றாங்களே, அப்புறம் உனக்கின்னா என்று கேட்டேன்.

"என் கையெழுத்துக்கு அவ வேலைய வுடணுமா?" என்றார் அக்கா.

மறுநாள் காலை நேராக மேனேஜரிடம் போய், எழுதியது நான்தான் என்றார். தோழிக்காகப் பழியை ஏற்கிறார் என்று நினைத்து அவர் முதலில் நம்பவில்லையாம். அக்கா அவர் மேசையிலிருந்த காகிதத்தில் அதே வரியை எழுதிக் காட்டினார். மேனேஜர் ஷூவையும் காகிதத்தையும் பார்த்துவிட்டு, "பதில் கரெக்டுதாம்மா, எடம்தான் தப்பு" என்றிருக்கிறார். அக்காவை வேலையை விட்டு எடுக்கவில்லை. இரண்டு வாரம் வரக் கூடாது, வந்த பிறகும் மிஷின் கிடையாது, பசை மேசைதான் என்று முடிவானது. ஷாகிரா அக்கா மிஷினுக்குத் திரும்பினார்.

அந்த இரண்டு வாரமும் எங்கள் வீட்டில் அக்கா படித்ததைப் போல ஒரு மனிதர் படித்து நான் பார்த்ததில்லை. இப்படியே அவர் தேறிவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். தேறவில்லை, கொஞ்சத்தில் போய்விட்டது. இருபத்தொரு வயதில், முப்பத்தைந்துக்கு மேல் போக வேண்டிய பசை மேசையில் போய் உட்கார்ந்தார். சம்பளம் கம்மி, வாடையில் தலைவலி வேறு. அம்மா அழுதார். அக்காவோ, "கண்ணு மிச்சம்மா, விடு" என்று சொல்லிவிட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டார்.

அதே வருடங்களில் நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் சொன்னால்தான் அக்காவின் பெருமை விளங்கும். வேலூர்க் கோட்டை மைதானத்தில் கிரிக்கெட் ஆடினேன். தோஸ்துகளோடு பைக்கில் ஏலகிரிக்குப் போனேன். ஏழு பேப்பர் அரியர் வைத்தேன். அக்கா இரண்டாவது முறை தேர்வு எழுதியபோது எனக்கும் சேர்த்து விண்ணப்பம் போட்டுவிட்டார். ஒரே பள்ளிக்கூடத்தில் இருவருக்கும் இடம் விழுந்தது. அவர் கடைசி மணி வரைக்கும் எழுதினார். நான் பெஞ்சில் தலை வைத்துத் தூங்கினேன். திரும்பும் வழியில் எப்படி எழுதினாய் என்று கேட்டார். ஈசியாக இருந்தது என்றேன். அவர் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்கு உறைக்கிறது.

மூன்றாவது முறை அக்கா தேறினார், இருபத்தைந்தாம் வயதில். வாலாஜா பக்கம் ஒரு தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர் வேலை. வேலையில் இருந்தபடியே அஞ்சல் வழியில் பட்டம் வாங்கினார். இருபத்தெட்டில் ஜோலார்பேட்டையில் ரயில்வேயில் வேலை செய்யும் மாமாவைக் கைப்பிடித்தார். லேட், ரொம்ப லேட் என்று பேசிய உறவுகள் கல்யாணத்தில் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. படிப்படியாக உயர்ந்து துணை வட்டாட்சியர் ஆனார். மனு எழுதத் தெரியாமல் வந்து நிற்கிறவர்களுக்குத் தாமே எழுதிக் கொடுப்பார், ஒரு டீ கூட வாங்க மாட்டார். அவர் படித்த பஸ்ஸில் அதன்பின் ஆறு பெண்கள் புத்தகத்தோடு ஏறினார்கள். இருவர் தேறினார்கள். தேறாத நால்வரும் இன்று இங்கே வந்திருக்கிறார்கள். படித்த நாளெல்லாம் நல்ல நாள்தான் என்று அவர்களே என்னிடம் சொன்னார்கள். நானும் ஒருவழியாக அரியரை எல்லாம் முடித்து, ஒரு ஏற்றுமதி நிறுவனத்தில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருக்கிறேன்.

நாற்பதாவது வயதில் அக்காவுக்கு மார்பில் கட்டி வந்தது. வேலூரில் ஒன்றரை வருடம் வைத்தியம். மருந்து ஏற்றிக்கொண்ட நான்காம் நாள் அலுவலகத்துக்குப் போய்விடுவார். கடைசி மாதம் மட்டும்தான் படுக்கை. அப்போது பார்க்க வந்த எங்கள் சித்தி கட்டிலருகே உட்கார்ந்து அழுதார். தம்பியைப் படிக்க வைக்கிறதுக்காக உன் நல்ல வயசையெல்லாம் அந்தக் கம்பெனியில கரைச்சிட்டியே, ஒண்ணும் அனுபவிக்கலையே என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். இத்தனை வருடமாக நானும் அப்படித்தான் நினைத்து உள்ளுக்குள் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

அக்காவுக்குக் குரல் சரியாக எழும்பவில்லை. ஆனாலும் கோபம் வந்துவிட்டது.

"யாரு சொன்னது சித்தி? பதினெட்டுலேர்ந்து இருபத்தஞ்சு வரைக்கும் ஒரு நாளக்கூட நான் வீணாக்கல. எனுக்கு வேணும்னுதான் படிச்சேன், எனுக்கு வேணும்னுதான் வேலைக்குப் போனேன். என் வயச நான்தான் செலவு பண்ணேன். இவன் என்கூட ஒக்காந்து சாப்ட்டான், அவ்ளோதான்."

சித்தி அழுதுகொண்டே சிரித்துவிட்டார். எனக்கு மட்டும் அன்றைக்கு மனசில் இருந்த பெரிய பாரம் இறங்கியது. அடுத்த வாரம் அக்கா அமைதியாகக் கண் மூடினார்.

அக்காவைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கும், முகம் சுளிக்காத செவிலியர்களுக்கும், விடுப்பு போட்டுவிட்டு ரத்தம் கொடுக்க ஓடி வந்த அலுவலக நண்பர்களுக்கும், கடைசி மாதம் முழுவதும் எங்கள் வீட்டிலேயே தங்கி அக்காவுக்குத் தலை வாரிவிட்ட ஷாகிரா அக்காவுக்கும் எங்கள் குடும்பம் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறது. அவரவர் பெயரை வரிசையாகப் போட இடம் போதாது, மன்னிக்கவும்.

ஒன்று மட்டும் சொல்லி முடிக்கிறேன். இந்த மலரின் அட்டையில் "தியாகத் திருவுருவே" என்று அச்சகத்தில் அவர்களாகவே போட்டிருந்தார்கள். எல்லா மலருக்கும் போடுவதுதான் என்றார்கள். அதை எடுத்துவிடச் சொன்னேன். வேறு என்ன போடுவது என்று கேட்டார்கள். அக்காவின் படிப்பையும், அவர் வகித்த பதவியையும் போடுங்கள், அது அவரே சம்பாதித்தது என்றேன்.

இப்படிக்கு,
அவரோடு உட்கார்ந்து சாப்பிட்ட தம்பி