இத்தாலிக்காரர் கைக்கு என் குரல்

1. பன்னிரண்டு மணிக் கெடு

முதல் நாளே பதினேழாவது டேக். விளம்பரமும் பக்திப் பாட்டும் பதிவு செய்கிற தூத்துக்குடி ஸ்டூடியோ. எதிரே மானிட்டரில் ஓர் இத்தாலிய நடிகர், தமிழுக்கு நாங்கள் டப்பிங் செய்கிற தொடரில் விசைப்படகு முதலாளி. மேடையில் தொடங்கி, சினிமாவுக்கு வந்து, பிறருக்குக் குரலும் கொடுத்தவராம். பக்கத்துத் திரையில், சென்னையிலிருந்து டப்பிங் டைரக்டர் மேடம். கடலோரப் பேச்சு வேண்டும் என்றுதான் என்னைப் பிடித்திருந்தார்.

"தம்பி, குரல் பிரமாதம். சிங்க்தான் உட்காரவே மாட்டேங்குது. அவர் முடிச்சிட்டாரு, நீங்க இன்னும் பேசிட்டிருக்கீங்க. பன்னெண்டுக்குள்ள இந்த லூப் ஓகே ஆகலன்னா, இங்கயே வேற ஆளப் பாத்துக்கறேன்."

லூப் என்பது திரும்பத் திரும்ப ஓடவிடும் ஒரு துண்டுக் காட்சி. மணி பதினொன்றே கால். ஊர் ஊராக நாடகம் போட்டதும், இரண்டு படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக ஓடியதும் இப்படி ஒரு வேடத்துக்காகத்தான். சோற்றுக்கு வேறு வேலை: துறைமுகத்தில் கிரேன் சிக்னல்மேன்.

2. மீசைக்குப் பின்னால் உதடு

அந்த மனிதருக்கு உதட்டை மூடுகிற மீசை. வசனம் எப்போது தொடங்குகிறது என்றே தெரியவில்லை. போதாததற்கு, மேடைப் பழக்கத்தில் கையை வீசி இரண்டு முறை மைக் ஸ்டாண்டைத் தட்டிவிட்டேன். மேடம் கையைக் கட்டிக்கொண்டு பேசச் சொன்னார். கையைக் கட்டியதும் குரல் செத்துப்போனது.

டீ வந்தது. சத்தமில்லாமல் லூப்பை ஓடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் உள்ளங்கையைக் கவிழ்த்து மெல்ல அமுக்கினார். அட, இது எங்கள் சிக்னல்! கப்பலின் சரக்கு அறையோரம் நின்று இப்படிக் காட்டினால் கொக்கி மெதுவாக இறங்கும்; விரல் மடங்கினால் நிற்கும். இவருக்கும் அதே கணக்கு. கை கிளம்பினால் பேச்சு கிளம்புகிறது, விரல் மடங்கினால் முடிகிறது.

"மேடம், கைய அவுத்துக்கிடட்டுமா? மைக்க ஒரு முழம் தள்ளி வச்சிக்கிடுதேன்."

"ஒரு முழமா? குரல் பக்கத்து வீட்டுக்குப் போயிடும். ஒரு சாண் தள்ளுங்க."

பதினெட்டாவது டேக்கில் கடைசிச் சொல் வழுக்கியது. அடுத்ததில் உதட்டை மறந்தேன். அவர் கை எழுந்தது, என் கையும் எழுந்தது.

"படக விக்கணும்னா மொதல்ல என்னய வில்லுலே!"

விரல் மடங்கியது. நிறுத்தினேன்.

ஹெட்போனில் மேடம் கேட்டார்: "தம்பி, இவ்வளவு நேரம் இதை எங்க ஒளிச்சு வெச்சிருந்தீங்க? ஓகே. அடுத்த லூப்."

மணி பன்னிரண்டுக்கு எட்டு நிமிடம்.

3. அண்ணாச்சி விமர்சனம்

தொடர் வந்ததும், என் கிரேனை ஓட்டுகிற ஆறுமுகம் அண்ணாச்சி சாப்பாட்டு நேரத்தில் போனில் பார்த்தார்.

"ஏலே, அந்த வெள்ளக்காரர் பேசுதது உன் சத்தம், சரி. அவரு கை எதுக்கு என்னயப் பாத்து 'மெதுவா எறக்கு'ங்குது? என் கை தன்னால லிவரத் தேடுதுல்லா!"

இதைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்னும் வரவில்லை. டப்பிங்குக்கு வருகிறவர்களுக்குச் சொல்ல என்னிடம் இருப்பது ஒன்றுதான்: சோற்றுக்குப் பார்க்கிற வேலையைச் செருப்போடு ஸ்டூடியோ வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு வராதீர்கள்.