ஈயக் கூடத்திலிருந்து வந்த மூன்று வரிகள்

கல்கத்தாவில் ஓர் அச்சகத்தில் ஆயுள் முழுக்கக் குமாஸ்தாவாக இருந்தவன் நான். எந்தக் காகிதம் எந்த மேஜை வழியாகப் போகவேண்டும் என்று துரை உட்பட எல்லோரும் என்னைத்தான் கேட்பார்கள். ஒரு காகிதத்தை எங்கும் போகவிடாமல் வைப்பதும் எனக்கு அதே அளவு தெரியும். அதை யாரும் கேட்டதில்லை, கேட்காமலே செய்தேன்.

அச்செழுத்துகளைப் பின்கட்டிலேயே வார்த்தார்கள். காற்றடித்தால் ஈயம் ஆறிவிடும் என்று அங்கே ஜன்னல்களைச் சாத்தியே வைப்பது வழக்கம். உருகிய ஈயச் சட்டிக்கு முன்னால் நாள் முழுவதும் நின்ற வங்காளி மிஸ்திரி, ஒரு கோடையில் என்னிடம் காகிதம் ஒன்றை நீட்டினார். வங்காளியில் மூன்று வரி. சட்டிக்கு மேல் புகையை வெளியே கொண்டுபோக ஒரு குழாய், சாப்பிடுமுன் கை கழுவச் சோப்பு என்று கேட்டிருப்பதாக அவரே சொன்னார்.

"மிஸ்திரி, விண்ணப்பம் இங்கிலீஷில் இருக்கவேண்டும். போர்மன் கையெழுத்தும் வேண்டும்."

"போர்மன் கையெழுத்துப் போடுவார் என்றால் நான் ஏன் பாபு உங்களிடம் வருகிறேன்?"

"வழி அதுதான்" என்று சொல்லிக் காகிதத்தை இழுப்பறையில் போட்டேன். பதிவேட்டில் ஏற்றவில்லை.

பூஜை விடுமுறை முடிந்து வந்தபோது அவருடைய வலது கை மணிக்கட்டோடு தொங்கிவிட்டது. மேலே தூக்க முடியவில்லை. ஈயப் புகை உடம்பில் ஏறினால் கை அப்படித்தான் விழும். எழுத்துக் கோப்பவர்கள், "மிஸ்திரி யாருக்கோ சலாம் போடப் போய்ப் பாதியில் மறந்துவிட்டார்" என்று கேலி செய்தார்கள். அவரும் சிரித்தார். "யாருக்கென்று மதராஸி பாபுவைக் கேளுங்கள். அதற்கும் ஒரு விதி வைத்திருப்பார்."

தொழிற்சாலைகளைப் பார்வையிடும் சர்க்கார் துரை வருமுன் எங்களுக்குத் தகவல் வந்துவிடும். சுண்ணாம்பு அடிப்பது, ஜன்னல்களைத் திறப்பது, தண்ணீர்ப் பானை வைப்பது எல்லாம் என் பொறுப்பு. உடம்பு கெட்டவர்கள் அன்றைக்கு லீவில் இருக்கும்படி பார்த்துக்கொள்வதும்தான். இந்தக் கடைசி வேலை எந்தப் புத்தகத்திலும் இல்லை. எனக்கு முன்னால் அந்த நாற்காலியில் இருந்தவர் ஜாடையாகச் சொல்லிக் கொடுத்தது.

அந்தத் தடவை துரை வருவதற்கு முதல் நாள் மிஸ்திரி என்னிடம் வந்தார். "நாளைக்கு வரும் துரை எல்லோரையும் கையை நீட்டச் சொல்வாராமே, பாபு. என் கையைப் பார்த்தால் குழாய் வந்துவிடும்."

"விண்ணப்பமும் இருந்தால் நல்லது. நானே இங்கிலீஷில் எழுதித் தருகிறேன்" என்றேன்.

நல்ல இங்கிலீஷில் நாலு வரி எழுதினேன். வீட்டில் உடல்நலக் குறைவு, இரண்டு நாள் லீவு வேண்டும் என்று. அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. பேனாவைப் பிடிக்கவும் முடியவில்லை. மைப்பெட்டியை எடுத்து, அவர் மணிக்கட்டை நானே தூக்கிப் பிடித்து, கட்டைவிரலை நிமிர்த்தி அழுத்தினேன். என் பிள்ளைகளுக்கு அரிச்சுவடி எழுதப் பழக்கியபோதுகூட அவ்வளவு இணங்கிய கை எனக்குக் கிடைத்ததில்லை.

மறுநாள் வாசற்காவல் தர்வான் அவரை வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டான். பார்வையிட வந்தவர் மற்ற வார்ப்பாட்களின் கைகளை நீட்டச் சொல்லிப் பார்த்தார். பாதிக்கப்பட்டவர் யாரும் இல்லை என்று எழுதினார். ஜன்னல்களை மெச்சினார்.

லீவு முடிந்து மிஸ்திரி நேராக என் மேஜைக்கு வந்தார். வசவை எதிர்பார்த்து, பேனாவைத் துடைப்பதுபோல் குனிந்துகொண்டேன்.

"என் நிலைமையைப் பார்த்து லீவு கொடுத்தீர்களாம், தர்வான் சொன்னான். இரண்டு நாளும் நன்றாகத் தூங்கினேன், பாபு. துரை என் காகிதத்தைப் படித்தாரா?"

"பரிசீலனையில் இருக்கிறது."

குளிர்காலம் முழுவதும் அவர் அதை நம்பி, இடது கையால் கரண்டியைப் பிடித்து அதே சட்டிக்கு முன்னால் நின்றார். இடது கையும் விழுந்தபின் ஊருக்குப் போய்விட்டார். குழாய் வரவில்லை.

லீவு விண்ணப்பங்களை மூன்று வருஷம் கழித்து எரிக்கவேண்டும் என்பது எங்கள் விதி. அந்தக் கட்டைவிரல் ரேகையை உரிய நாளில், சாட்சி வைத்து எரித்தேன். வங்காளிக் காகிதத்தை மட்டும் எரிக்க வழியில்லாமல் போயிற்று. பதிவில் ஏறாத காகிதத்துக்கு விதி கிடையாது. ஓய்வு பெற்ற அன்று இழுப்பறையைக் காலி செய்தபோது அது என்னோடு பவானிபூர் வீட்டுக்கு வந்துவிட்டது.

இப்போது எனக்கு வங்காளி நன்றாகப் படிக்க வருகிறது. 'எனக்கு' என்ற சொல் அதில் எங்குமே இல்லை. 'அங்கே நிற்பவர்களுக்கு' என்றுதான் இருக்கிறது. அவர் வலது கையாலேயே எழுதியது. வங்காளி எழுத்துகளின் தலைமேல் ஓடும் மேல்கோடு மூன்று வரியிலும் ஓரிடத்தில்கூடச் சாயவில்லை.