சுற்றி வந்த மாலை

ராசாத்திக்கு அந்த வீட்டில் கால் தரிக்கவில்லை. வாசலில் தண்ணீர் ஓடுகிற வீடு என்று பெருமை பேசித்தான் திருவெள்ளறையிலிருந்து பெண் எடுத்தார்கள். திருச்சிக்கு மேற்கே வயலைத் திருத்தி மனை போட்டவர்கள், பாசன வாய்க்காலிலிருந்து தண்ணீர் வாங்கி, காலனியைச் சுற்றி வளையமாக ஒரு கால்வாய் வெட்டியிருந்தார்கள். வீட்டுக்கு வீடு படி. 1958-இல் அங்கே முதல் மனையை வாங்கியவர் மாமனார் பிச்சைமுத்து.

அடுத்த வருஷம் கல்யாணம். ஆடிக்கு மகளை அழைத்துப்போக வந்த சம்பந்தியை அவர் திருப்பி அனுப்பிவிட்டார்.

“ஆடிப் பதினெட்டு கழியட்டுங்க. வாசல்லயே காவேரி இருக்கு. கல்யாண மாலையைப் புள்ளைங்க இங்கயே விடட்டும்.”

அப்படியே செய்தார்கள். ஆணியில் தொங்கிக் காய்ந்திருந்த மாலைகள் இரண்டையும் சேர்த்துக் கட்டி, ராசாத்தியும் கணவன் நல்லதம்பியும் படியில் நின்று தண்ணீரில் விட்டார்கள். மாலை அசைந்து அசைந்து வளைவில் மறைந்தது. மாமியார் வேலம்மாள் இலை போட, எல்லோரும் புளியோதரை சாப்பிட உட்கார்ந்தார்கள்.

இலை எடுப்பதற்குள் எதிர்க்கரையிலிருந்து லூர்துராணி டீச்சரின் குரல் வந்தது. “வேலம்மா அக்கா! உங்க வீட்டு மாலை எங்க படியை எட்டிப் பார்த்துட்டு அங்கதான் வருது. சோறு மிச்சம் இருந்தா எடுத்து வைங்க!”

யாரும் சிரிக்கவில்லை. மாலை வந்து, விட்ட படியிலேயே ஒட்டிக்கொண்டது. பிச்சைமுத்து கழியால் தள்ளினார். இன்னொரு சுற்றுப் போய்விட்டு அது மறுபடி வந்தது. கால்வாய்த் தண்ணீர் வெளியேற ஒரே ஒரு குழாய்; அதன் வாயிலும் கம்பிவலை. மனை வாங்கியபோது தண்ணீர் வருகிற வழியைப் பார்த்தவர்கள், போகிற வழியைப் பார்க்கவில்லை.

வேலம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. “எம் புள்ளைக்கு என்ன வரப்போகுதோ!” என்று உள்ளே போனவள், ராசாத்தியின் தகரப்பெட்டியை இழுத்து வந்து வாசலில் வைத்தாள்.

“ஆடிக்குப் போகவேண்டியவதானே. போயிட்டு வா.”

“ஆவணியில யாரு அத்தே வந்து அழைப்பீங்க?”

வேலம்மாள் பெட்டியை இன்னும் கொஞ்சம் வெளியே தள்ளினாள். நல்லதம்பி பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் நாளெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டுகிறவன். அம்மாவிடம் மட்டும் பேச்சு வராது. கால்வாயையே பார்த்துக்கொண்டு நின்றான்.

ராசாத்தி படியிறங்கினாள். சொட்டச் சொட்ட மாலையை எடுத்துக் கூடையில் போட்டாள். பெட்டியைத் தாண்டி விறுவிறுவென்று நடந்து, ஸ்ரீரங்கம் பஸ்ஸில் ஏறினாள்.

“பாலத்துல கொஞ்சம் நிறுத்துங்கண்ணே.”

“பாலத்துல ஸ்டாப்பிங் கிடையாதும்மா,” என்றார் கண்டக்டர் பரக்கத் அலி. “அம்மா மண்டபத்துல இறங்கு. ஊரே அங்கதான் கிடக்கு.”

“படியில விட்டா திரும்பி வந்துரும். நடு ஆத்துல போடணும்.”

அவர் கூடைக்குள் எட்டிப் பார்த்தார். “கல்யாண மாலையா? மாப்பிள்ளை எங்க?”

“வீட்டுல தண்ணிய வேடிக்கை பார்த்துக்கிட்டிருக்காரு.”

பஸ்ஸே சிரித்தது. பாலத்தில் ஆடிப்பெருக்குக் கூட்டம், வண்டி ஊர்ந்தது. பரக்கத் அலி விசிலை ஊதி வண்டியை நிறுத்தினார். “ஓடும்மா, சீக்கிரம்!”

மேற்குப் பக்கக் கைப்பிடியிலிருந்து வீசினாள். மாலை பாலத்துக்கு அடியில் போயிற்று. ராசாத்தி கூட்டத்தை இடித்துக்கொண்டு கிழக்குப் பக்கம் ஓடினாள். கலங்கலான தண்ணீர்தான் வந்துகொண்டிருந்தது. மாலையைக் காணோம். தூணில் சிக்கிவிட்டதா? பஸ்ஸிலிருந்து யாரோ கத்தினார்கள்: “அந்தா! அந்தா போகுது!”

திரும்பாமல் போயிற்று.

வீட்டு வாசலில் பெட்டி அப்படியே இருந்தது. பக்கத்தில் வேலம்மாள்.

“போச்சாடி?”

“போச்சு அத்தே. பஸ்ஸுல இருந்த அத்தனை பேரும் பார்த்தாங்க.”

வேலம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பெட்டியை உள்ளே தூக்கப் போனாள். ராசாத்தி அதன் மேல் கை வைத்தாள்.

“இருக்கட்டும் அத்தே.” நல்லதம்பியைப் பார்த்தாள். “ஒர்க்‌ஷாப்புல குவாட்டர்ஸ் கேளுங்க. ரெண்டு பேருமா போவோம்.”

“வாசல்ல தண்ணிய வச்சுக்கிட்டு எவனாச்சும் போவானா?” என்றார் பிச்சைமுத்து.

“கேக்குறேன்,” என்றான் நல்லதம்பி, அம்மா காதில் விழும்படி.

குவாட்டர்ஸ் கிடைக்க 1963 ஆகிவிட்டது. அதுவரை பெட்டி கட்டில் தலைமாட்டிலேயே கட்டியபடி கிடந்தது. பொன்மலையில் கால்வாய் இல்லை. தெருமுனையில் ஒரு குழாய். சண்டை போட்டால்தான் குடம் நிறையும். ராசாத்தி தினமும் போய்ச் சண்டை போட்டாள்.